புளி தீர்ந்த நாளில் ரசம்

அத்தியாயம் 7

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் திருப்பனந்தாள் சுற்றுவட்டாரக் கிராமங்களில் கடைத்தெருவுக்குப் போய்வருவதே பெரும்பாடு. வயலும் வாய்க்காலும் ஒன்றாகிக் கிடக்கும். போன மின்சாரம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட மளிகைச் சாமான் சீட்டு சட்டைப்பையிலேயே நனைந்திருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் நாக்கு எதையாவது கேட்கும். காய்ச்சல் விட்டு எழுந்தவர், நாக்கு செத்துக் கிடக்கிறது, கொஞ்சம் ரசம் வை என்பார். பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை விட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு மோர்க்களி வேண்டும். சமையலறையில் போய்ப் பார்த்தால் புளி இல்லை, அல்லது துவரம் பருப்பு இல்லை, அல்லது தயிர் புளிக்கவே இல்லை.

விருந்துச் சமையலில் ஒரு சாமான் குறைந்தால் அந்தப் பண்டத்தையே விட்டுவிட்டு வேறொன்று செய்யலாம். ரசத்துக்கும் களிக்கும் ஏங்குகிறவரிடம் அது செல்லாது. அவருக்கு வேண்டியது அதே ருசி, அதே சூடு. கையில் இருப்பதைக் கொண்டு அந்த ருசிக்கு எவ்வளவு அருகில் போகலாம் என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் சொல்லப் போகிறேன். ஊரை விட்டு சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு இதே களிக்கு ஏங்குகிறவர்களுக்கும் இது பயன்படும்.

சாமானுக்கு என்ன வேலை?

ஒரு சாமான் இல்லை என்றதும் அதைப் போலவே தோற்றமளிக்கும் இன்னொன்றைத் தேடுவது வழக்கம். இது பெரும்பாலும் ஏமாற்றிவிடும். அந்தச் சாமான் அந்தப் பண்டத்தில் என்ன வேலை செய்கிறது என்று முதலில் கேளுங்கள். புளிப்புக் கொடுக்கிறதா, குழம்பைச் சேர்ந்தாற்போல் வைக்கிறதா, வயிற்றை நிரப்புகிறதா, மணத்துக்கு மட்டும்தானா? வேலை தெரிந்துவிட்டால் அதைச் செய்ய வேறொரு ஆள் வீட்டிலேயே இருப்பது தெரியும்.

இரண்டாம் உலகப் போரில் 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. தென்னிந்தியா முழுக்க அரிசிக்குத் தட்டுப்பாடு. ரவா இட்லி அந்தத் தட்டுப்பாட்டில் தங்கள் அடுப்படியில் பிறந்தது என்பது பெங்களூரு மாவள்ளி டிஃபன் ரூம்ஸ் சொல்லிவரும் வரலாறு. அரிசிக்குப் பதில் ரவையைப் போட்டதை எல்லோரும் கவனிப்பார்கள். நாம் கவனிக்க வேண்டியது வேறு. இட்லியை உப்ப வைக்கும் வேலை உளுந்தும் ஓர் இரவுப் புளிப்பும் சேர்ந்து செய்வது. ரவா இட்லியில் அந்த வேலையைப் புளித்த தயிரும் சோடாவும் ஏற்றுக்கொண்டன. சாமான் மாறியபோது வேலையைப் பகிர்ந்துகொடுத்தவர் யோசித்துத்தான் கொடுத்திருக்கிறார்.

ஈழத்துத் தமிழர் கோதுமை மாவில் பிட்டும் இடியப்பமும் செய்வது இதைவிட அழகு. பச்சைக் கோதுமை மாவில் தண்ணீர் பட்டால் இழுவையாகிவிடும், பிட்டு உதிராது. அவர்கள் மாவைத் துணியில் கட்டி முதலில் ஆவியில் அவிக்கிறார்கள். அவித்து, கட்டிகளை உடைத்து, சலித்து எடுத்தால் அந்த இழுவை போய்விடுகிறது. மாவு அரிசி மாவு போலக் கைக்கு வசப்படுகிறது. சாமானுக்கு இல்லாத குணத்தைப் பக்குவத்தால் வரவழைக்கிற வித்தை இது. நம் பக்கத்து வீடுகளிலும் இதைப் பழக வேண்டும் என்பது என் ஆசை.

புளிப்பு

நாலு பேருக்கு ரசம் வைக்க நெல்லிக்காயளவு புளி போதும். அது இல்லாத வீட்டிலும் புளிப்பு ஏதோ ஒரு பாத்திரத்தில் இருக்கும்.

தக்காளி எல்லோருக்கும் தெரிந்தது. நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளி மூன்றைக் கையால் பிசைந்துவிட்டால் ரசத்துக்குப் போதும். பெங்களூர்த் தக்காளி என்றால் புளிப்பு குறைவு, நாலைந்து வேண்டியிருக்கும். அதோடு ஒரு தேக்கரண்டி மல்லிவிதையை வறுத்துப் பொடித்துப் போடுங்கள். தக்காளியின் இனிப்பு அடங்கும்.

எலுமிச்சம்பழம் இருந்தால் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு: அது அடுப்பைப் பார்க்கக் கூடாது. பருப்புத் தண்ணீர், மிளகு சீரகப் பொடி, பச்சை மிளகாய், இஞ்சி, உப்பு எல்லாம் கொதித்து, தாளித்துக் கொட்டி, இறக்கி வைத்த பிறகு சாற்றைப் பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் கசக்கும். அந்த ரசத்தைத் திரும்பச் சூடு பண்ணவும் கூடாது. இரண்டு வேளைக்கு வைப்பதானால் பிழியாத ரசத்தை எடுத்து வைத்து, சாப்பிடும் முன் பிழிந்துகொள்ளுங்கள்.

பங்குனியிலிருந்து ஆனி வரைக்கும் மாங்காய் இருக்கிறது. பாதி மாங்காயைத் தோல் சீவி வேகவைத்து மசித்துக் கரைத்தால் சாம்பாருக்கும் ரசத்துக்கும் புளியை மறக்கச் செய்யும். மாங்காய்க் காலம் போய்விட்டாலும் அதன் மிச்சம் ஒன்று தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் ஜாடியில் கிடக்கும்: மாவடுத் தண்ணீர். வடு தீர்ந்த பிறகு அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றுகிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு ஆறாது. உப்பு, காரம், புளிப்பு, கடுகு மணம் நாலும் ஒன்றாகச் சேர்ந்த சாறு அது. இரண்டு கரண்டி எடுத்து மோரில் கலந்து தாளித்தால் சாதத்தில் பிசைந்து சாப்பிடக் குழம்பு தயார். ரசத்தில் விடுவதானால் உப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டு, ருசி பார்த்துப் பிறகு சேருங்கள். வடு ஊறிய தண்ணீரில் உப்பு அளவு கடந்து இருக்கும்.

புளித்த மோரும் கைகொடுக்கும். அதைக் கொதிக்க விட்டால் திரிந்துபோகும். ஒரு தேக்கரண்டி அரிசி மாவைக் கரைத்து விட்டு, நுரைத்து வரும்போதே இறக்கிவிட்டால் சேர்ந்து நிற்கும். கொல்லையில் புளிச்சக்கீரை இருந்தால் ஒரு கைப்பிடி இலையை எண்ணெயில் வதக்கினாலே கரைந்துவிடும். அது துவையலுக்கும் பருப்புக்கும் பொருந்தும், ரசத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது. வினிகர் வேண்டாம். அதன் வாடை சீரகத்தையும் பெருங்காயத்தையும் அமுக்கிவிடும். தெளிவான ரசத்தில் அதை மறைக்க இடமே கிடையாது.

எந்தப் புளிப்பானாலும் பருப்பு வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். புளிப்பு பட்ட பருப்பு லேசில் வேகாது. அவசரத்தில் தக்காளியையும் பருப்பையும் ஒன்றாகப் போட்டுவிட்டு, பருப்பு பழசு என்று கடைக்காரரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

பருப்பு

துவரம் பருப்பு இல்லாவிட்டால் சாம்பார் இல்லை என்று நினைப்பது காவிரிப் படுகையில் விநோதமான எண்ணம். துவரை பெரும்பாலும் வெளியூரிலிருந்து மூட்டையில் வருவது. நம் வயலில் விளைவது உளுந்தும் பயறும். சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நிற்கிற கதிருக்கு நடுவிலேயே ஈரத்தில் உளுந்தையோ பச்சைப் பயறையோ விதைத்துவிடுவார்கள். நெல் அறுத்த தாளுக்கு இடையில் அது முளைத்து, மண்ணில் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலுமே விளைந்துவிடும். இந்த நெல் தரிசுக்கென்றே ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏடிடீ 3 என்ற உளுந்து ரகத்தைக் கொடுத்திருக்கிறது. பங்குனி, சித்திரையில் விவசாய வீடுகளில் பயறு குதிரிலோ தகர டப்பாவிலோ இருக்கும்.

பச்சைப் பயறை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, திருகையில் உடைத்துப் புடைத்தால் பாசிப்பருப்பு. திருகை இல்லாவிட்டால் மிக்ஸியில் இரண்டே சுற்று. தோல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் பரவாயில்லை. வறுக்காமல் போட்டால் வழவழவென்று இருக்கும், பச்சை வாடையும் போகாது. வறுத்த பாசிப்பருப்பு குக்கர் இல்லாமலே இருபது நிமிடத்தில் குழைந்துவிடும் என்பதால் எரிவாயு தீரப்போகிற நாளிலும் அதுவே நல்லது. சாம்பாருக்குப் போட்டால் சற்று இனிக்கும். அதனால் வெல்லம் போடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிட்டு, ஒரு மிளகாய் கூடப் போடுங்கள். ஆறினால் இறுகும், பரிமாறும்போது வெந்நீர் விட்டு இளக்கிக்கொள்ளலாம். கும்பகோணத்துக் கடப்பா இந்தப் பருப்பையே நம்பி நிற்கிற பண்டம்: வெந்த பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காயும் சோம்பும் கசகசாவும் அரைத்த விழுது. கசகசா விலை பார்த்துத் தயங்குகிறவர்கள் இரண்டு தேக்கரண்டி பொட்டுக்கடலை வைத்து அரைக்கலாம், குறை தெரியாது.

ரேஷனில் துவரம் பருப்புக்குப் பதில் கனடா மஞ்சள் பருப்பு கொடுத்த காலமும் உண்டு. அது குழையும், மணம் இருக்காது. அப்படிப்பட்ட பருப்பு கையில் இருந்தால் பெருங்காயத்தைத் தண்ணீரில் கரைத்துப் பருப்பு வேகும்போதே விட்டு, கடைசியில் ஒரு தேக்கரண்டி நெய்யில் சீரகம் தாளியுங்கள்.

எந்தப் பருப்புமே இல்லையா? கொட்டு ரசம் வையுங்கள். அது பருப்பில்லாமலே வைக்கிற ரசம், குறையோடு வைத்த ரசமாக அதை யாரும் நினைப்பதில்லை. இட்லிக்குத் தொட்டுக்கொள்ள வேண்டுமென்றால் இரண்டு கரண்டி கடலை மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, வதங்கிய வெங்காயம், பச்சை மிளகாயில் விட்டுக் கொதிக்க வையுங்கள். பாம்பே சட்னி என்று ஓட்டல்களிலேயே கொடுப்பதுதான். கடலை மாவு வேகவேக இறுகும், ஆகையால் தொடக்கத்தில் மோர் போல நீர்க்க இருக்க வேண்டும்.

அரிசி, நொய், மாவு

நெல் விளைகிற ஊரில் அரிசி இல்லை என்ற பேச்சு குறைவு. இருக்கிற அரிசி செய்ய நினைத்த பண்டத்துக்கு ஏற்றதாக இல்லை என்பதுதான் இங்கே தொல்லை. 1922-ல் தொடங்கிய ஆடுதுறை நிலையத்தின் ரகங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏடிடீ 37 குண்டு அரிசி, இட்லிக்கும் களிக்கும் பொங்கலுக்கும் நல்லது. ஏடிடீ 43 சன்னம், சாதம் உதிர்ந்து நிற்கும். சன்ன அரிசியில் இட்லிக்குப் போடுகிறவர்கள் உளுந்தைச் சற்றுக் குறைத்து, ஒரு கைப்பிடி அவலை ஊறவைத்துச் சேர்த்து அரைத்தால் மிருதுவாக வரும்.

அரிசியின் வயசு அதைவிட முக்கியம். குறுவை அறுத்த கையோடு வந்த புது அரிசி தண்ணீர் குறைவாகக் குடிக்கும், சீக்கிரம் குழையும். ஒரு வருஷத்துப் பழைய அரிசி அதைவிடக் கூடுதலாகக் கேட்கும். சமையல் குறிப்புகளில் தண்ணீர் அளவு தவறிப்போவதற்கு அநேகமாக இதுதான் காரணம். சாக்கு மாறினால் முதல் நாள் சாதம் வடித்துப் பார்த்து, அரிசியின் போக்கைத் தெரிந்துகொண்டு பிறகு களிக்கும் உப்புமாவுக்கும் போங்கள்.

அரிசி உப்புமாவுக்கு வேண்டியது கொரகொரப்பு. பச்சரிசி ஒரு டம்ளர், துவரம் பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி சேர்த்து ரவையாக உடைத்து, இரண்டு முதல் இரண்டரை டம்ளர் தண்ணீரில் வேகவைப்பது வழக்கம். ஆலையில் கிடைக்கும் நொய் இருந்தால் உடைக்கும் வேலையே இல்லை. நன்றாகப் புடைத்து, தவிடு போகக் கழுவி, வடியவிட்டுப் போடலாம். மிளகு சீரகத்தை மட்டும் இடிகல்லில் தட்டிக்கொள்ளுங்கள். மின்சாரம் இல்லை, நொய்யும் இல்லை என்றால் பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, துணியில் ஈரம் போக ஆறவிட்டால் அம்மியில் குழவி பட்டதும் உடைந்துவிடும். அந்த ஈர ரவைக்கு இரண்டு டம்ளர் தண்ணீருக்கு மேல் விடாதீர்கள். வீட்டில் ரேஷன் புழுங்கலரிசி மட்டுமே இருந்தால் லேசாகப் பொரியும்வரை வறுத்து, ஆறியபின் உடையுங்கள். இரண்டரையிலிருந்து மூன்று டம்ளர் தண்ணீர் பிடிக்கும், நேரமும் கூடுதலாகும். ருசி சற்று வேறு, ஆனால் பசி அடங்கும் விதத்தில் பச்சரிசியைத் தோற்கடிக்கும். துவரம் பருப்புக்குப் பதில் கடலைப் பருப்பும் ஒத்துக்கொள்ளும். தேங்காய் இல்லாவிட்டால் இறக்கும் முன் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு மூடிவையுங்கள். அடி கனத்த பாத்திரம் மட்டும் கட்டாயம். வெண்கலப் பானையில் அடியில் பிடிக்கும் பொன்னிறக் காந்தலுக்காகவே இந்த உப்புமாவைச் செய்யும் வீடுகள் உண்டு.

இனி மோர்க்களி. மழைநாள் சாயங்காலத்துக்கு இதற்கு இணையாக நான் எதையும் சொல்ல மாட்டேன்.

அரிசி மாவு ஒரு டம்ளர். நன்றாகப் புளித்த கெட்டி மோர் ஒரு டம்ளர், தண்ணீர் இரண்டு டம்ளர். மூன்றையும் உப்போடு கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். வாணலியில் மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுத்தம் பருப்பு, நாலைந்து மோர்மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, கரைத்ததை ஊற்றி, சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். இடையில் இன்னும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயை ஓரத்தில் விடலாம். ஈரக் கையால் தொட்டுப் பார்க்கும்போது ஒட்டாமல், பளபளப்பாகச் சுருண்டு வந்தால் வெந்துவிட்டது.

மாவு இல்லாவிட்டால் பச்சரிசி ஒரு டம்ளரை இரண்டு மணி நேரம் ஊறவைத்து மைய அரையுங்கள். அரைத்த மாவில் ஏற்கெனவே தண்ணீர் இருப்பதால் அளவிலிருந்து அரை டம்ளர் குறைத்துவிடுங்கள். மோர் புளிக்கவில்லையென்றால் எலுமிச்சையளவில் பாதிப் புளியை மூன்று டம்ளர் தண்ணீரில் கரைத்து மாவைக் கலக்கலாம். அப்போது அதற்கு மோர்மிளகாயைவிட வற்றல் மிளகாய்தான் சேர்த்தி, ஒரு சிட்டிகை மஞ்சளும் போட வேண்டும். மோர்மிளகாய் தீர்ந்துபோன வீட்டில் வற்றல் மிளகாயை எண்ணெயில் நன்றாகக் கருக்கிப் பொரித்துச் சேர்த்து, உப்பை ஒரு சிட்டிகை கூட்டினால் அந்த உப்புக்காரம் ஓரளவு கிடைக்கும். கேழ்வரகு மாவிலும் செய்யலாம், நாலு டம்ளர் வரை நீர் கேட்கும். கோதுமை மாவிலும் மைதாவிலும் முயல வேண்டாம், பசையாகிவிடும்.

எண்ணெயில் மட்டும் கை வைக்காதீர்கள். ரேஷன் பாமாயிலில் கிளறினால் களி வெந்துவிடும், ஆனால் வாயில் வைக்கும்போது வெறும் மாவாகத்தான் தெரியும். மோர்க்களியின் உயிர் நல்லெண்ணெயில் இருக்கிறது. குறைவாக இருந்தால் தாளிக்கவும் கிளறவும் பாமாயிலை வைத்துக்கொண்டு, இருக்கிற இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயைக் கடைசியில் தட்டில் பரப்பிய பிறகு மேலே விடுங்கள்.

உயிர் எது?

இப்படி ஒவ்வொரு பண்டத்திலும் தொடக் கூடாத ஒன்று உண்டு. ரசத்தில் அது மிளகும் சீரகமும், பொங்கி நுரைத்ததும் இறக்கிவிடுகிற கட்டுப்பாடும். அரிசி உப்புமாவில் கொரகொரப்பு. வத்தக்குழம்பில் நல்லெண்ணெயும் சுண்டக் காய்ச்சுவதும். வத்தக்குழம்புக்கு வற்றலே உயிர் என்று சொல்லத் தோன்றும். ஆனால் சுண்டைக்காயும் மணத்தக்காளியும் தீர்ந்த வீட்டில் இரண்டு அப்பளத்தைக் கிள்ளிப் பொரித்துப் போட்டோ, வெந்தயத்தைச் சிவக்க வறுத்துப் போட்டோ குழம்பு வைக்கிறார்கள். சாதம் அதே வேகத்தில்தான் உள்ளே போகிறது. உயிரானது இல்லாத நாளில் அந்தப் பண்டத்தைச் செய்யாமல் விடுவதே மரியாதை. மிளகு, சீரகம் இரண்டும் இல்லாமல் வைக்கிற ரசத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மிளகாய் தீர்ந்துபோவதற்குக் கலங்க வேண்டியதில்லை. போர்ச்சுகீசியர் கொண்டுவரும் வரை இந்த நாட்டில் மிளகாயே கிடையாது, காரம் என்றால் மிளகுதான். இன்றைக்கும் பல வீடுகளில் திவசச் சமையலில் மிளகாய் சேர்ப்பதில்லை. மிளகும் பாசிப்பருப்பும் வைத்தே கறியும் கூட்டும் ஆகிவிடுகின்றன. நாலு வற்றல் மிளகாய்க்கு ஒரு தேக்கரண்டி மிளகு என்று வைத்துக்கொண்டு, பொடித்துக் கடைசியில் போடுங்கள். மிளகுக் காரம் தொண்டையில்தான் தெரியும், ஆகவே நாக்கில் உறைக்கவில்லையே என்று மேலும் மேலும் சேர்த்துவிடக் கூடாது.

தேங்காய்க்கும் ஒரு வார்த்தை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை மரங்கள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. மரம் நிறைந்த மாவட்டத்திலேயே தேங்காயை எண்ணி உடைக்கும் காலம் வரக்கூடும். பொரிச்ச குழம்புக்குப் பாதித் தேங்காய், பாதிப் பொட்டுக்கடலை அரைத்தால் வித்தியாசம் தெரியாது. தேங்காயே இல்லாமல் செய்வதானால் பொட்டுக்கடலையோடு ஒரு தேக்கரண்டி அரிசி மாவு சேர்த்து அரைத்து, தேங்காயெண்ணெயில் தாளியுங்கள்.

கடைசியாக, உறை. ரசமும் களியும் எல்லாம் ஆன பிறகு மோர் சாதத்துக்குத் தயிர் இல்லை, பக்கத்து வீட்டிலும் உறைமோர் இல்லை என்றால் காய்ச்சிய பாலை இளஞ்சூடாக ஆறவிட்டு, நாலைந்து மிளகாய்க் காம்புகளைக் கழுவித் துடைத்து அதில் போட்டு மூடி, அடுப்புப் பக்கத்தில் வையுங்கள். பச்சை மிளகாய்க் காம்பானாலும் வற்றல் மிளகாய்க் காம்பானாலும் சரி. மழைக்காலத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரமாவது ஆகும். முதலில் கிடைப்பது இளந்தயிர், கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கும். அதைச் சாப்பிடாமல் ஒரு கரண்டி எடுத்து மறுபடி காய்ச்சிய பாலில் உறை ஊற்றினால், அடுத்த நாள் கத்தியால் வெட்டுகிற மாதிரி கெட்டித் தயிர் கிடைக்கும்.